மீன் தொட்டிக்கு மணலா, கூழாங்கல்லா? எந்த மீனுக்கு எது நல்லது? முழு விளக்கம்

வீட்டுல புதுசா மீன் தொட்டி வைக்கப் போறீங்களா? மீன், ஃபில்டர், லைட், பொம்மை என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள் கடைசியில் கேட்பது இதைத்தான்: "அண்ணே, அடியில போட அந்த நீலக் கலர் கல் ரெண்டு கிலோ குடுங்க."

தொட்டியின் அடியில் என்ன போடுகிறோம் என்பதை பலரும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால், மீனின் மீசை தேய்வது, வாயில் கல் சிக்குவது, தண்ணீர் நாறுவது, சுத்தம் செய்த மூன்றாம் நாள் மொத்த மீனும் செத்து மிதப்பது என பல பிரச்சனைகளுக்கு அந்த அடித்தளமும் ஒரு காரணம்.

அப்படியானால் மணல் போடுவதா, கூழாங்கல் போடுவதா? அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற சென்னை கொளத்தூர் கடைகளில் இரண்டுமே மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். எதை எடுக்க வேண்டும் என்பதை உங்கள் மீன்தான் முடிவு செய்ய வேண்டும். விரிவாகப் பார்க்கலாம்.

அடித்தளம் எதற்கு? அழகுக்கு மட்டும்தானா?

மீன் கழிவிலிருந்தும், சாப்பிடாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. இது மீனுக்கு விஷம். தொட்டியில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் ஆபத்தானதுதான். கடைசியில் வரும் நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும்.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பதில்லை. ஃபில்டர் பஞ்சு, கண்ணாடி, கல், மணல் என ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. அதனால் அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் அவற்றுக்கு ஒரு வீடு. புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம்.

இதைத் தவிர, செடிகள் வேர் பிடிக்கவும், மேயும் மீன்கள் மண்ணைக் கிளறவும், சில மீன்கள் புதைந்து ஒளியவும் அடித்தளம் தேவை.

மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் என்ன வித்தியாசம்?

எல்லாமே துகளின் அளவில்தான் இருக்கிறது. 2 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மணல். அதற்கு மேல் போனால் கல். மீன் தொட்டிக்கு விற்கும் கல் பெரும்பாலும் 2 முதல் 5 மி.மீ. வரை இருக்கும். கொண்டைக்கடலை அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் கூட கிடைக்கும்.

கல்லுக்கு இடையே இடைவெளி அதிகம். தண்ணீர் உள்ளே போய் வரும், ஆக்சிஜனும் போகும். ஆனால் அதே இடைவெளி வழியாக தீனியும் கழிவும் உள்ளே இறங்கிவிடும். மேலே பார்த்தால் தொட்டி பளிச்சென்று இருக்கும். கல்லைக் கொஞ்சம் கிளறினால்தான் விஷயம் தெரியும், புகை மாதிரி அழுக்கு கிளம்பும்.

மணல் நெருக்கமாக உட்காரும். கழிவு உள்ளே இறங்காது, மேலேயே கிடக்கும். பார்க்க அழுக்காகத் தெரிந்தாலும் உறிஞ்சி எடுப்பது சுலபம். ஆனால் நெருக்கமாக இருப்பதால் அடிப்பகுதிக்கு ஆக்சிஜன் சரியாகப் போகாது. அந்தச் சிக்கலைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால், கல் அழுக்கை மறைக்கும், மணல் காட்டிக்கொடுக்கும்.

எந்த மீனுக்கு எது?

கோல்டு ஃபிஷ்: நம்ம ஊர் வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். கெண்டை குடும்பத்தைச் சேர்ந்த மீன். அடியில் கிடப்பதை வாயில் அள்ளி, சாப்பிட வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்புவது இதன் இயல்பு. மணலாக இருந்தால் பிரச்சனை இல்லை. வாய் அளவுக்கு நெருக்கமான கல்லாக இருந்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே மெல்லிய மணல், அல்லது வாய்க்குள் நுழையவே முடியாத பெரிய கூழாங்கல் என இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். பெரிய கல்லாக இருந்தால் அதற்கு அடியில் கழிவு தேங்கும், அடிக்கடி தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கோரிடோரஸ்: கடைகளில் 'கோரி' என்று கேட்டாலே கொடுப்பார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த குட்டி கெளுத்தி வகை. மூக்கை மணலுக்குள் விட்டு இரை தேடும். வாயில் போன மணல் செவுள் வழியாக வெளியே வரும். கூர்மையான கல் மேல் இதை விட்டால் வாயோரம் இருக்கும் மீசை தேயும். அந்தக் கல்லுக்குள் கழிவும் அழுகிக் கிடந்தால் புண் தொற்றாகி மீசையே இல்லாமல் போய்விடும். கோரி வளர்க்க ஆசை என்றால் கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய மணலுக்குப் போகலாம்.

குலி லோச்: தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த, சின்னப் பாம்பு போல இருக்கும் மீன். மணலுக்குள் புதைந்துகொள்ளும். இதற்கும் மணல்தான்.

ஆப்பிரிக்க சிக்லிட்: மலாவி, டாங்கனிக்கா ஏரிகளைச் சேர்ந்த கலர் கலரான மீன்கள். குழி தோண்டுவதில் கில்லாடிகள். மணல் பொருந்தும். இவற்றின் தொட்டியில் பெரிய பாறைகள் வைப்பது வழக்கம். அப்போது ஒரு விஷயம் முக்கியம். முதலில் பாறையை வைத்துவிட்டு, அதன் பிறகு சுற்றிலும் மணலைக் கொட்ட வேண்டும். மணல் மேல் பாறையை வைத்தால், மீன் அடியில் தோண்டித் தோண்டி பாறை சரிந்து கண்ணாடி உடையலாம்.

கப்பி, மோலி, பிளாட்டி, டெட்ரா: பெரும்பாலும் நடுவிலும் மேலேயும் நீந்துபவை. மணல், கல் இரண்டுமே ஓகே.

ஃபைட்டர்: இதுவும் மேல்பகுதியில் இருக்கும் மீன். எது போட்டாலும் பிரச்சனை இல்லை. ஆனால் சிறிய தொட்டி என்பதால் அடித்தளம் மெல்லியதாக இருந்தால் போதும்.

ஆஸ்கர், ஃபிளவர் ஹார்ன்: பெரிய உடம்பு, பெரிய பசி, நிறைய கழிவு. போட்ட கல்லையெல்லாம் தள்ளி ஒரு மூலையில் குவித்துவிடும். இவற்றை வளர்ப்பவர்களில் பலர் அடியில் எதுவுமே போடாமல் விடுவது சுத்தம் செய்யும் சுலபத்துக்காகத்தான்.

ஜீப்ரா டேனியோ: முட்டையை அப்படியே தூவிவிட்டு, பிறகு தானே தின்றுவிடும். குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் கோலிக்குண்டு அல்லது பெரிய கூழாங்கல் போட்டால், முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பிக்கும். கல் ஜெயிக்கும் இடம் இது.

ஃபில்டர் எது என்று பாருங்கள்

தொட்டியின் அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்து, ஏர் பம்ப் குழாய் மூலம் இயங்கும் பழைய வகை அடிமட்ட ஃபில்டர் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது. இதில் தண்ணீர் கல் வழியாகக் கீழே இறங்கி, தட்டுக்கு அடியில் போய், குழாய் வழியாக மேலே வரும். கல்தான் இங்கே ஃபில்டரே. இதன் மேல் மணலைக் கொட்டினால் தட்டின் துளைகள் அடைத்துக்கொள்ளும், மணல் உள்ளேயும் இறங்கிவிடும். எனவே இந்த வகை ஃபில்டர் இருந்தால் 3 முதல் 5 மி.மீ. கல், 2 முதல் 3 அங்குல உயரத்துக்கு. வேறு யோசனையே வேண்டாம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே மாட்டும் ஃபில்டர், வெளியே வைக்கும் ஃபில்டர் என்றால் மணலும் போடலாம். உள்ளே வைக்கும் மோட்டார் ஃபில்டராக இருந்தால், அது தண்ணீர் இழுக்கும் வாய் மணலிலிருந்து 2, 3 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணலை உறிஞ்சி மோட்டார் விசிறி தேய்ந்து போகும்.

செடி வைக்கப் போறீங்களா?

வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரின் போன்றவை வேர் வழியாகச் சத்து எடுப்பவை. மணலிலும் சிறிய கல்லிலும் வளரும். ஆனால் மணலிலும் கல்லிலும் சத்து எதுவும் கிடையாது என்பதால், வேருக்குப் பக்கத்தில் புதைக்கும் உர மாத்திரை வைக்க வேண்டியிருக்கும். கொண்டைக்கடலை அளவு கல்லில் சின்னச் செடிகளின் வேர் பிடிக்காது, அடிக்கடி பிடுங்கிக்கொண்டு மிதக்கும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டை அல்லது பாறையில் கட்டி வைப்பார்கள். இவற்றின் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். இந்தச் செடிகளுக்கு அடியில் என்ன இருந்தாலும் கவலை இல்லை.

எவ்வளவு வாங்க வேண்டும்?

கடையில் "ரெண்டு கிலோ போதும்" என்று வாங்கி வந்து, போட்டுப் பார்த்தால் கண்ணாடி தெரிவது பலருக்கும் நடப்பதுதான். கணக்கு சுலபம். தொட்டியின் நீளம், அகலம், தேவையான உயரம் மூன்றையும் செ.மீ.ல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் வரும். அதை ஒன்றரையால் பெருக்கினால் தோராயமாக கிலோ.

உதாரணமாக, 2 அடி நீளம், 1 அடி அகலம் உள்ள தொட்டி என்றால் 60, 30. ஒரு அங்குல உயரம் அதாவது 2.5 செ.மீ. போட 4.5 லிட்டர், அதாவது சுமார் 7 கிலோ தேவை. 2 அங்குலம் போட சுமார் 14 கிலோ. 1 அடி உயரமுள்ள அந்தத் தொட்டியில் தண்ணீரே 50 கிலோவுக்கு மேல் வரும். ஆகவே ஸ்டாண்டு தாங்குமா என்பதையும் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்குங்கள்.

செடி இல்லாத மணல் தொட்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் போதும். செடி இருந்தால் 2 அங்குலம், அதற்குக் கொஞ்சம் மேலே போகலாம்.

வீடு கட்டின மணல் மிச்சம் இருக்கு, போடலாமா?

நிறைய பேர் கேட்கும் கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டட வேலையில் மிஞ்சிய மணலில் சிமெண்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சிமெண்ட் தண்ணீரின் பி.ஹெச். அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். வேண்டாம்.

எம்-சாண்ட் என்பது பாறையை உடைத்துச் செய்வது. துகள்கள் கூர்மையாக இருக்கும், தூசியும் அதிகம். கோரி, லோச் போன்ற மீன்களுக்கு ஆகவே ஆகாது.

கடற்கரை மணலில் உப்பும், கிளிஞ்சல் தூளும் இருக்கும். கிளிஞ்சல் என்பது சுண்ணாம்பு. தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். ஏரி சிக்லிட்களுக்கு ஓரளவு கடினமான தண்ணீர் பிடிக்கும் என்றாலும், டெட்ரா, கோரி போன்ற மீன்களுக்கு அது சரிவராது. எப்படியும் கடற்கரையிலிருந்து அள்ளி வருவது தவிர்க்க வேண்டியதே.

ஆற்று மணல் உருண்டையாக இருப்பதால் மீனுக்கு நல்லதுதான். ஆனால் ஆற்றில் இறங்கி நீங்களே அள்ள முடியாது, மணல் அள்ள அனுமதி வேண்டும். சாக்கடை கலந்த இடமாக இருந்தால் அந்த அழுக்கும் கூடவே வரும். கடைகளில் சலித்து, கழுவி பாக்கெட் போட்ட மணல் கிடைக்கும்போது அந்த ரிஸ்க் தேவையில்லை.

கலர் கல் வாங்கும்போது ஒன்றிரண்டை ஈரக்கையில் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். கையில் சாயம் ஒட்டினால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வினிகர் சோதனை: வீட்டிலேயே செய்யலாம்

கல்லில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காய்ந்த கல் மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக்கொண்டு குமிழி வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். சமையலறை வினிகர் வீரியம் குறைந்தது என்பதால், சில நேரம் நுரை தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் ஒரு பக்கெட் தண்ணீரில் கல்லைப் போட்டு ஒரு வாரம் வைத்து, முதல் நாளும் கடைசி நாளும் பி.ஹெச். பார்க்கலாம். நன்றாக ஏறியிருந்தால் அந்தக் கல் எல்லா மீனுக்கும் ஆகாது.

கழுவிப் போடுவது எப்படி?

சோப்பு, பவுடர் எதுவும் கூடாது. பக்கெட்டில் பாதி அளவுக்கு மட்டும் மணலைப் போட்டு, தண்ணீர் விட்டுக் கையால் கலக்கி, கலங்கல் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். தண்ணீர் தெளியும் வரை இதைச் செய்ய வேண்டும். மணலுக்கு எட்டு, பத்து முறை ஆகலாம். அலுத்துப்போய் பாதியில் விட்டால் தொட்டி பால் மாதிரி வெளுத்துப் போகும்.

தொட்டியில் மணலைப் பரப்பிய பிறகு, அதன் மேல் ஒரு தட்டை வைத்து, அந்தத் தட்டின் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் கிளம்பாது. தூசி அடங்கிய பிறகு ஃபில்டரைப் போடலாம்.

"அடியில கல், மேல மணல்னு ரெண்டையும் போட்டா என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. கொஞ்ச நாளில் மணல் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும், கல் மேலே வந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் தொட்டியின் ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் கல் என்று நடுவில் தடுப்பு வைத்துப் பிரிப்பதே வழி.

சுத்தம் செய்வதில் வித்தியாசம் உண்டு

இரண்டுக்கும் சைஃபன் குழாய் தேவை. கல் என்றால் குழாயின் அகலமான முனையை கல்லுக்குள் நன்றாகக் குத்தி இறக்க வேண்டும். கல் உள்ளே சுழன்று கீழே விழும், அழுக்கு மட்டும் மேலே போகும். ஒரே நாளில் மொத்தத்தையும் கிளறாமல், இந்த வாரம் ஒரு பாதி, அடுத்த வாரம் மறுபாதி என்று செய்யலாம்.

மணல் என்றால் குத்தக் கூடாது. அரை அங்குலம் மேலே பிடித்து, லேசாகச் சுழற்றினால் கழிவு கிளம்பிக் குழாய்க்குள் போய்விடும். கொஞ்சம் மணலும் போகும், பரவாயில்லை.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்து கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

மணலில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால்?

மணல் ரொம்ப ஆழமாக இருந்து, பல மாதங்கள் கிளறாமல் கிடந்தால், அடியில் ஆக்சிஜன் இல்லாத இடங்கள் உருவாகும். அங்கே வளரும் வேறு வகை பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம், மணலில் கருப்புத் திட்டு இரண்டும் அதன் அடையாளம். இந்த வாயு மீனுக்கு விஷம்.

பயந்துபோய் உடனே கையை விட்டுக் கிளறாதீர்கள், அதுதான் ஆபத்து. மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, ஏர் பம்ப் போட்டு, கருப்பான இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக சைஃபனில் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். கண்ணாடி ஓரமாகத் தெரியும் பச்சை நிறம் வேறு, அது வெறும் பாசி.

வராமல் தடுக்க, மணலை 2 அங்குலத்துக்குள் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை ஒரு குச்சியால் மேலாகக் கீறிவிட்டால் போதும். மணலுக்குள் ஊர்ந்துகொண்டே இருக்கும் மலேசியன் டிரம்பெட் நத்தையும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் தீனி அதிகம் போட்டால் அது நூற்றுக்கணக்கில் பெருகிவிடும், ஜாக்கிரதை.

பெரிய தவறு: ஒரே நாளில் மொத்தமாக மாற்றுவது

ஞாயிற்றுக்கிழமை. தொட்டி அழுக்காக இருக்கிறது என்று மீனை பக்கெட்டில் விட்டு, பழைய கல்லை எல்லாம் எடுத்து வெளியே கொட்டி, ஃபில்டர் பஞ்சை குழாயடியில் பிழிந்து, கண்ணாடியைத் தேய்த்து, புது மணல், புதுத் தண்ணீர் ஊற்றி மீனை விடுகிறார்கள். தொட்டி கண்ணாடி மாதிரி மின்னுகிறது. செவ்வாய்க்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. புதன்கிழமை ஒன்று, வியாழக்கிழமை மூன்று என மிதக்கின்றன. "கடைக்காரர் சீக்கு மீனைக் குடுத்துட்டார்" என்று வீட்டில் பேச்சு.

நடந்தது என்னவென்றால், கல்லோடும் பஞ்சோடும் சேர்ந்து அந்த நல்ல பாக்டீரியாக்கள் மொத்தமும் வெளியே போய்விட்டன. மீன் வெளியிடும் அம்மோனியாவை மாற்ற ஆளே இல்லை. இரண்டு, மூன்று நாளில் தண்ணீர் விஷமாகிவிட்டது.

கல்லிலிருந்து மணலுக்கு மாற வேண்டுமா? ஃபில்டரைத் தொடவே தொடாதீர்கள். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கல்லை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் கழுவிய மணலைப் போடுங்கள். மூன்று வாரத்தில் வேலை முடிந்துவிடும். அந்த நாட்களில் தீனியைக் குறையுங்கள். அம்மோனியா சோதிக்கும் கிட் இருந்தால் அடிக்கடி பாருங்கள். ஃபில்டர் பஞ்சைக் கழுவியே ஆக வேண்டும் என்றால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

ஏற்கனவே தவறு நடந்து மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறதா? குளோரின் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மாற்றுங்கள். ஏர் பம்பைப் போடுங்கள். ஒன்றிரண்டு நாள் தீனி வேண்டாம். தெரிந்தவர்கள் வீட்டில் ஆரோக்கியமான தொட்டி இருந்தால், அங்கிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அந்தத் துண்டில் பாக்டீரியா இருக்கும்.

எதுவுமே போடாமல் விட்டால்?

விடலாம். நோய்வாய்ப்பட்ட மீனுக்கும், குஞ்சுகளுக்கும் வெறும் கண்ணாடித் தொட்டிதான் நல்லது. கழிவு உடனே தெரியும், உறிஞ்சுவது சுலபம். ஆனால் பாக்டீரியாவுக்கான இடம் குறையும் என்பதால் ஃபில்டர் நன்றாக இருக்க வேண்டும்.

ஒரே பார்வையில்

* கோரி, லோச், கோல்டு ஃபிஷ், தோண்டும் சிக்லிட்: மெல்லிய, உருண்டையான மணல்

* அடிமட்ட ஃபில்டர் உள்ள தொட்டி: 3 முதல் 5 மி.மீ. கல்

* கப்பி, மோலி, டெட்ரா, ஃபைட்டர்: இரண்டில் எதுவும்

* முட்டையைத் தூவும் மீன்களில் குஞ்சு எடுக்க: கோலிக்குண்டு, பெரிய கூழாங்கல்

* ஆஸ்கர், ஃபிளவர் ஹார்ன், நோயுற்ற மீன்: எதுவும் போடாத தொட்டி

ஒரே தொட்டியில் பல வகை மீன்கள் இருந்தால், அடியில் வாழும் மீன் எது என்று பார்த்து அதற்கு ஏற்றதைப் போடுங்கள். மேலே நீந்தும் மீன் எதையும் பொறுத்துக்கொள்ளும். நாள் முழுக்கத் தரையில் மூக்கை வைத்துத் திரியும் மீனுக்கு அதுதான் வீட்டின் தரை, சாப்பாட்டுத் தட்டும் அதுவே. அடுத்த முறை கடைக்குப் போகும்போது கலரைச் சொல்வதற்கு முன்னால், தொட்டியில் என்ன மீன் இருக்கிறது என்பதைச் சொல்லிக் கல்லோ மணலோ கேளுங்கள்.